பக்கத்துக்கு நாலு ரூபா

வண்ணார்பேட்டையில் செராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
கீழே மெஷின் ஓடினால் என் மேசையில் டீ நடுங்கும்.
வந்திருப்பது ஒரு பழைய நாவல், முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
யாரோ ஸ்கேன் செய்து எழுத்தாக்கி அனுப்பியது.
அன்றைய தாளின் அகலம் தீர்ந்த இடத்திலெல்லாம்
வரி முறிந்து கிடக்கிறது.
தாமிர
பரணி என்று ஆறே இரண்டு துண்டு.
சேர்க்கிறேன்.
சிதம்பரவடிவு கதவைத் திறந்து
"நீங்க எப்ப
143
வந்திய?" என்கிறாள்.
பக்க எண்ணை அவள் வாயிலிருந்து எடுக்கிறேன்.

பத்திக்கு நடுவில் இருக்கும் இரட்டை எண்டரை
முதலில் மூன்று நட்சத்திரமாக்கி ஒளித்துவைக்கணும்,
மிச்ச முறிவையெல்லாம் இடைவெளியாக்கணும்,
பிறகு நட்சத்திரத்தைத் திரும்பப் பத்தியாக்கணும்.
ஆவுடைநாயகம் சார் துண்டுச் சீட்டில் எழுதி
மானிட்டரில் ஒட்டியிருக்கிறார்.
நேற்று முதல் படியை மறந்துவிட்டு
'எல்லாவற்றையும் மாற்று' தட்டிவிட்டேன்.

குளம் உடைத்துக்கொண்ட மாதிரி.
ஒரு வரப்புகூட மிச்சமில்லை.
பெண் பார்க்க வந்தவர்கள் கருமாதிப் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள்,
செத்துப்போன மாமனார் அதே மூச்சில் வெற்றிலை கேட்டார்,
முப்பது வருஷம் பேசாத அண்ணனும் தம்பியும்
ஒரு காற்புள்ளி தூரத்தில் படுத்திருந்தார்கள்.
அவர்களுக்காக ஒரு நிமிஷம் அப்படியே விட்டுவைத்தேன்.
பிறகுதான் கண்ட்ரோல் இசட்.

இன்று 211-ஆம் பக்கம்.
"வடிவு பாளையங்கால் பக்கம் போனாள்."
கீழே ஐந்து வெற்று வரி.
"மறுநாள் கடையில் சீ
னி இல்லை."

ஒன்றுக்கு மேல் வெற்று வரி வந்தால்
ஒன்றாக்கு என்பது சீட்டில் உள்ள விதி.
ஸ்கேன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
எழுதியவர் விட்ட இடமா,
அச்சுக் கோத்தவனுக்குக் கடைசி பஸ் வந்துவிட்டதா.
அந்த வெள்ளையில் ஒரு எறும்பு நசுங்கியிருந்தது, அவ்வளவுதான்.
அதற்குக் கீழே நாவல் முழுக்க
'வடிவு' என்று தேடினால் பூஜ்யம்.

சாருக்குப் போன் போட்டேன்.
"வெறும் இடத்துக்குத் துட்டு கெடையாதும்மா,
சீக்கிரம் முடிங்க" என்றார்.

கர்சரை ஐந்து வரியிலும் ஒவ்வொன்றாக இறக்கினேன்,
படித்துறையில் இறங்குகிற மாதிரி.
எதையும் அழிக்கவில்லை.
சீயையும் னியையும் சேர்த்துவிட்டு
212-க்குப் போனேன்.