அரைச்சுருதி

செந்தூல், டயர்க் கடை மாடி.
புதன் இரவு ஒத்திகை.

பூபாலனுக்கு மேல்ஸ்தாயி எட்டாது.
பதினோரு வருஷம்
கம்பிகளை அரைச்சுருதி இறக்கியே வாசித்தோம்.
அந்தத் தொய்வைத்தான்
எங்கள் பாணி என்றார்கள்.

தர்வினி வந்தாள்.
கம்பிகளை முறுக்கினோம்.
முதல் வாரமே என் விரல் கிழிந்தது.

அவன் எப்போதும் லேட்.
மோட்டாரை நிறுத்தி மேடையேறும் வரை
சமாளிக்க நீட்டியதுதான் அந்த முன்னிசை.
இவள் நேரத்துக்கு மைக் முன்னால் நிற்கிறாள்.
ஆனாலும் நான்கு நிமிஷம்,
யாரோ வரவேண்டியதுபோல்.

போன மாதம் பங்சாரில்
கதவோரம் நின்றிருந்தான்,
யாருடைய சாப்பாடோ கையில் ஆற.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
உதடு அசைந்ததா, தெரியாது.

பல்லவி எடுக்கும் இடத்தில்
டிரம்ஸ் குணாளன் மட்டும்
ஒரு அடி
தாமதித்தான்.