ஒன்றேகால் டிராக்டர் கல்

கூரைமேல் எத்தனை அடி பனி விழும்
என்று கேட்கிறது மென்பொருள்.
சித்திரை மாதம், கிருஷ்ணகிரி,
ராயக்கோட்டை ரோட்டில் உரக்கடை மாடி.
மின்விசிறி யூரியா வாசனையைச்
சுற்றிச் சுற்றி எனக்கே பரிமாறுகிறது.
பூஜ்யம் என்று அடித்தேன்.

குளிரில் மண் எவ்வளவு ஆழம் உறையும்?
அதற்கும் பூஜ்யம்.

சுவர் என்றால் அதற்கு மரச்சட்டம்.
பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாய் நட்டு
நடுவில் பஞ்சடைத்து
இருபுறமும் அட்டை அறைந்து
வெளிச்சுவர் என்று பெயரும் வைத்திருக்கிறது.
செட்டிங்ஸுக்குள் போய்ச் சட்டங்களைப் பிடுங்கினேன்,
பஞ்சை எடுத்தேன்,
ஒன்பது அங்குலச் செங்கல், முக்கால் அங்குலப் பூச்சு,
சேமி.
அடுத்த சுவரை இழுத்தால்
மறுபடி மரம்.

குருபரப்பள்ளிப் பக்கம்
திம்மராயன் கட்டப்போகும் வீடு.
கிரானைட் பாலீஷ் பட்டறைக்காரர்.
எட்டு முறை மாறிவிட்டது படம்:
பூஜை அறை ஈசானியத்துக்கு நகர்ந்தது,
அடுப்பு அக்னி மூலைக்குப் போனது,
செப்டிக் டேங்க் மட்டும்
எங்கும் போக மறுத்தது.
பங்குனியில் ஒருநாள் போனில் சொன்னார்:
"தம்பி ரூம் வேணாம்மா, எடுத்துரு."

முந்தின வாரம்தான் மனையை அளந்தோம்.
டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் முனிராஜ்.
"கதவு ஹால் பக்கம் வைங்க மேடம்,
கட்டில்ல படுத்தே கிரிக்கெட் தெரியணும்"
என்று காற்றில் ஒரு கதவு வரைந்து
அதைத் திறந்தும் காட்டினான்.
நான் காரணம் கேட்கவில்லை.
எனக்குக் கூலி சதுர அடிக்கு.

இப்போது சிக்கல் இது:
ஹாலுக்கு நடுவே, தரைக்கு அடியில்,
மேலே எதுவுமே இல்லாத ஒரு கடைக்கால்.
அழித்தேன். வந்தது.
அஸ்திவாரத் தளத்துக்கே இறங்கி அழித்தேன்.
சமையலறைச் சுவரை அரையடி தள்ளியதும்
மொத்தமும் தன்னைத்தானே திரும்பக் கட்டிக்கொண்டு
அதையும் சேர்த்து எழுப்பியது.
'தானாக உருவாக்கு' டிக்கை எடுத்தேன்,
வீடு ஆறங்குலம் அந்தரத்தில் நின்றது.
பயந்து டிக்கைத் திரும்ப வைத்தேன்.
பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
யுபிஎஸ் ஏழு நிமிடம் அழுது அடங்கியது.

கரண்ட் வந்தபின்
லேயர் பட்டியலை மேலிருந்து தடவிக்கொண்டே இறங்கினேன்.
இருபத்துமூன்றாவதில்
மூடியிருந்தது ஒரு கண்.
திறந்தேன்.
பதினோரடி நீளத்தில்,
நான் திருத்த மறந்த மரச்சட்டங்களோடு,
ஹாலைப் பார்த்த கதவோடு
நின்றுகொண்டிருந்தது சுவர்.
எடுத்துரு என்றார், நான் எடுக்கவில்லை.
என்ன நினைத்தேனோ, மறைத்து மட்டும் வைத்திருக்கிறேன்.
மறைத்தது என் கண்ணுக்கு.
அஸ்திவாரம் அதைச் சுவர் என்றே
இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது.

காலையில் போன் போட்டேன்.
"சார், ஹாலுக்கு அடியில ஒரு கடைக்கால்
சும்மா ஓடுது. எடுத்துரட்டுமா?"
அந்தப் பக்கம் பாலீஷ் மெஷின் கத்திக்கொண்டிருந்தது.
நிறுத்தினார்.
"எங்க ஓடுது?"
சொன்னேன்.
"கல்லு எவ்ளோ புடிக்கும்?"
ஒன்றேகால் டிராக்டர் என்றேன்.
"செவுரு இல்லாம கடைக்கால் மட்டும் இருந்தா தப்பா?"
தப்பில்லை சார், வீண்செலவு.
பட்டறையில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.
"மண்ணுக்குள்ளதானம்மா கெடக்கும்.
யாருக்குத் தெரியப்போவுது."
மெஷின் மறுபடி கத்தத் தொடங்கியது.

லேயரின் கண்ணை மூடினேன்.
திம்மராயன் இறுதி ஒன்பது
என்று பெயரிட்டுச் சேமித்தேன்.
எஸ்டிமேட் அச்சாகி வந்ததில்
கருங்கல் கணக்கு அப்படியே இருந்தது.
கடைசி வரியில்:
மரச்சட்டம், பதினொன்று.
அதை மட்டும்
பேனாவால் அடித்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டேன்.