ஓதம்

பதினெட்டாவது கொண்டை ஊசியில்
மாதையன் வண்டியை ஓரங்கட்டி
முன்கண்ணாடியை உள்பக்கமாய்த் துடைத்தான்.
வெளியே மழை இல்லை.
நாங்கள் இருவரும் விட்ட மூச்சுதான் அது.

காலையில் குகையில் நான் காயப்போட்ட சுடிதார்
இந்நேரம் அப்பளமாய் மொறுமொறுத்திருக்கும்.
இங்கே, நாகலூர் சாலையில்,
மாதையனின் தீக்குச்சி மூன்றாம் உரசலில்
தலையை உதிர்த்ததே தவிர பற்றவில்லை.

சென்றாயப்பெருமாள் கதவைத் திறந்தார்.
அவருக்கு முன்னால் வாசனை வந்தது,
ஊறவைத்து மறந்துபோன கோணிச் சாக்கு.

"குடியிருந்த பொண்ணோட வேலைம்மா.
வீட்டுக்குள்ளயே துணி காயப்போடும்.
எந்நேரமும் வெந்நீர் கொதிக்கும்.
ஜன்னல்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது.
நாப்பதாயிரம் அட்வான்ஸ், பெயிண்ட்டுக்கே பத்தாது.
உங்க கூலியையும் அதுலயே கழிச்சுக்கிறேன்,
அதுதான் காரணம்னு
ஒரு ரிப்போர்ட் மட்டும் எழுதிக் குடுத்துடுங்க."

முகமூடியை இறுக்கிக்கொண்டேன்.
வடக்குச் சுவரில், அலமாரி நின்ற இடத்தில்
அலமாரி அளவுக்கே கரும்பச்சையாய்ப் பூத்திருந்தது,
கதவும் பூட்டும் இல்லாத இன்னொரு அலமாரி.
பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் தேய்த்த வெள்ளை வளைவு.
நாற்காலியில் ஏறி, குதிகாலை உயர்த்தி,
ஒரு பெண் கை எட்டும் உயரம் வரை.
அதற்கு மேல் சுவர் தன் இஷ்டப்படி.

மீட்டரின் குட்டை ஊசி: பதினாறு.
நீள ஊசியை மாற்றி இறக்கினேன்:
முப்பத்தொன்று.

துணியின் ஈரம் சுவரின் தோலில் நிற்கும்,
துடைத்தால் போகும்.
வெந்நீர் ஆவி
செங்கல்லுக்குள் நுழைந்து குடித்தனம் நடத்தாது.

மாடியிலிருந்து மாதையன் கூப்பிட்டான்.
சீசன் ஆட்களுக்கென்று கட்டிய அறை.
அதன் சுவர் பழைய வடிகுழாயின் வாய்மேலேயே
சிமெண்ட் பூசி உட்கார்ந்திருந்தது.
இரண்டு விரற்கடை தண்ணீர்,
சில்வர் ஓக் இலைகள் ஊறிக் கறுத்து,
போக வழியில்லாமல் கீழே யோசித்துக்கொண்டிருந்தது.

"எப்போ கட்டினீங்க?"
"அஞ்சு வருசம்."
கொஞ்சம் பொறுத்து,
"அது வேற விசயம்மா.
நீங்க பூசணத்துக்குத்தானே வந்தீங்க."

பூசணத்துக்குத்தான் வந்தோம்.
பிளாஸ்டிக் திரை கட்டினோம், சுரண்டினோம்.
சந்தன நிறத்துக்கு அடியில் பிஸ்தா,
பிஸ்தாவுக்கு அடியில் ரோஸ்,
ரோஸுக்கு அடியில் வெறும் சுண்ணாம்பு.
ஒவ்வொன்றின் முதுகிலும் அதே கறை, அதே வடிவில்.
ஐந்து வருடம், நாலு பூச்சு.
நாலு குடித்தனம் என்று மாதையன் விரல்விட்டான்.
நாலு அட்வான்ஸ் என்று நான் சொல்லவில்லை.

ராத்திரி முழுக்க ஈரம் உறிஞ்சும் மெஷின் ஓடியது.
விடியலில் நாலரை லிட்டர்.
தெளிந்த தண்ணீர்தான், குற்றம் எதுவும் தெரியவில்லை.
மிளகுக் கொடியின் வேரில் ஊற்றினேன்.

காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
மாடி வடிகுழாய் அடைப்பு.
பேனா அழுத்தும்போதே தாள் நமுத்திருந்தது,
முப்பத்தொன்றின் ஒன்று லேசாய்க் கசிந்தது.
அவர் படித்தார். திரும்பவும் படித்தார்.
சர்க்கரை கட்டிதட்டிய டப்பாவைக் கரண்டியால் குத்தி
எங்களுக்கு டீ போட்டார்.
கையெழுத்தை நாளைக்குப் போடுவதாகச் சொன்னார்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால்
கேஸ் புக்கிங் ஸ்டிக்கர்,
பால்பாயிண்டில் ஜெசிந்தா என்று பெயர்,
பக்கத்தில் போன் நம்பர்.
கடைசி இரண்டு எண்ணை ஓதம் தின்றிருந்தது.

இறங்கினோம்.
டாஷ்போர்டில் கிடந்த நகல்
ஏழாவது வளைவில் விறைக்க ஆரம்பித்தது,
அடிவாரத்தில் மொடமொடத்தது.
மாதையன் வேப்பமர நிழலில் நிறுத்தி
போனை எடுத்தான்.

"நூறு நம்பர்தானேக்கா.
பூஜ்யம் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கவா?"