வடக்குச் சுவர்

படிவத்தில் பதினோராவது கேள்வி:
கட்டடத்தின் தற்போதைய பயன்பாடு என்ன?
நோரீன் கில்ஹீனி பேனாவைக் கடித்தாள்.
சமையலறையில் காஞ்சொறி ஆளுயரம்.
கராஜில் ஒரு சிமெண்டு மூட்டை
பிரிக்காமலே கல்லாகிக் கிடக்கிறது.
இதையெல்லாம் பயன்பாடு என்று எழுதலாமா?
"எதுவுமில்லை" என்று எழுதினாள்.
தெளிவாக எழுதவும் என்றிருந்தது,
அதன்மேலேயே இன்னொருமுறை அழுத்தினாள்.

முற்றத்துக் கேரவனில் இது மூன்றாவது குளிர்காலம்.
பழையது நிற்கிறது, அதனால் புதியது கட்டமுடியாது.
பழையதில் கூரை இல்லை, அதனால் படுக்கமுடியாது.
லீட்ரிம் மழைக்கு இந்தச் சிக்கல் கிடையாது.
கேரவன் தகரத்தில் தட்டிப் பார்க்கும்;
வீட்டுக்குள் கேட்காமலே போய்விடும்.

கேட்டில் நோட்டீஸ் ஒட்டினாள், நனையாமல் பிளாஸ்டிக் உறைபோட்டு.
ஐந்து வாரம். ஆட்சேபம் உள்ளவர் எழுதலாம்,
கட்டணம் இருபது யூரோ.
இந்தப் பாழுக்கு இருபது யூரோ
எந்தப் பைத்தியம் கொடுக்கும்?

முதலில் வந்தவள் வௌவால் கணக்கெடுக்கும் கிளீனா.
மடக்கு நாற்காலி, பிளாஸ்க், காதில் ஒரு கருவி.
இரண்டு அந்திகள் கராஜையே பார்த்திருந்தாள்.
"பதினொன்று" என்றாள்,
பிறந்த குழந்தையின் எடையைச் சொல்வதுபோல.
"குட்டி போடும் காலம். ஆகஸ்ட் முடியும்வரை தொடக்கூடாது."
வாடகை தராத பதினொரு பேருக்கு இருக்கும் வாழ்வு
எனக்கில்லை என்று மனசுக்குள் சொன்னாள் நோரீன்.
வாய்விட்டும் சொன்னாள்.

நான்காம் வாரம் கவுன்சிலிலிருந்து ஒரு நகல்.
இருபது யூரோ கட்டியிருப்பவர்
பக்கத்து வயல் மாலக்கி டீர்னன்.

முப்பத்தொரு வருடம்
அந்தக் கராஜைத் திட்டாமல் அவன் சாப்பிட்டதில்லை.
என் நிலத்தில் ஆறு அங்குலம் ஏறி நிற்கிறது,
என் அடுப்படி வெளிச்சத்தைத் தின்கிறது.
வக்கீல் கடிதம் மூன்று போனது, நான்கு வந்தது.
ஃபின்டனும் அவனும் மாதா கோயிலில்
ஆளுக்கொரு கடைசி பெஞ்சு.
ஃபின்டன் செத்தபோது கேட்டுவரை வந்து
தொப்பியைக் கழற்றினான். உள்ளே வரவில்லை.

இப்போது எழுதியிருக்கிறான்:
"என் வயல் கேட்டின் கீல்கள்
மேற்படி கராஜின் வடக்குச் சுவரில் உள்ளன.
மாடுகள் இருபத்திரண்டு.
சுவர் போனால் மாடுகள் ரோட்டில்."

டார்ச்சோடு போனாள், மழையில், இரவு உடுப்பிலேயே.
இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் போனதேயில்லை.
இரண்டு கீல். கட்டைவிரல் பருமனில் போல்ட்,
சுவரைத் துளைத்து உள்ளே போயிருந்தது.
சுற்றிவந்து கராஜுக்குள் நுழைந்தாள்.
வௌவால்களிடம் மன்னிப்புக் கேட்டாள்.
பெயிண்ட் டின்களை நகர்த்தினாள்.
அங்கே இரண்டு நட்டு, இரண்டு வாஷர்,
கிரீஸ் தடவி, துணி சுற்றி.
ஃபின்டனின் கோடுபோட்ட சட்டைத் துணி.

வெளியே ஒருவன் போல்ட்டைப் பிடிக்கவேண்டும்,
உள்ளே ஒருவன் நட்டை முறுக்கவேண்டும்.
ஒற்றை ஆள் செய்கிற வேலையில்லை அது.

டார்ச் மங்கும்வரை நின்றாள்.
"திருட்டுப் பயல்களா" என்றாள், பன்மையில்.

மறுநாள் கவுன்சிலுக்கு ஒரு திருத்தம் அனுப்பினாள்:
எல்லாவற்றையும் இடிக்க,
வடக்குச் சுவர் நீங்கலாக.
அதன் தற்போதைய பயன்பாடு என்று எழுதி,
ஒரு கோடு இழுத்துவிட்டு, யோசித்து,
"கேட்" என்றாள்.

செப்டம்பரில் மஞ்சள் இயந்திரம் வந்தது.
மதியத்துக்குள் வீடு லாரியில் ஏறிப் போனது.
மிச்சம் ஒரு சுவர், அதைப் பிடித்துத் தொங்கும் கேட்டு,
கேட்டைப் பிடித்தபடி மாலக்கி.
நடுவில் எதுவுமில்லை இப்போது.
கண்ணுக்குமேல் கையை வைத்துச் சொன்னான்:
"அடுப்படியில் வெயில் கண்ணைக் குத்துகிறது,
சாப்பிட முடியவில்லை."

"எழுத்தில் கொடு" என்றாள் நோரீன்.
"இருபது யூரோ."