எலுமிச்சை, சாவி, படகு

முப்பத்தொரு வருடமாக
ஒரே மூன்று சொற்களைத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.
எலுமிச்சை. சாவி. படகு.
சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவேன்.
நூறிலிருந்து ஏழு ஏழாய்க் கழிக்கச் சொல்வேன்,
கடிகாரம் ஒன்று வரையச் சொல்வேன்,
ஐந்து நிமிடம் போனதும் கேட்பேன்:
நான் சொன்னது என்ன?

குவோப்பியோ நகரம். மூன்றாம் மாடி. ஜன்னலுக்கு வெளியே ஏரி,
வருடத்தில் ஐந்து மாதம் அது ஏரி இல்லை, சாலை.

தௌனோ படகுத்துறையில் எஞ்சின் பார்த்தவர்.
முதல் வருடம் மூன்றையும் சொன்னார்,
படகு மரமா இரும்பா என்று என்னையே கேட்டார்.
அடுத்த வருடம் எலுமிச்சை போயிற்று.
பிறகு சாவி.
படகு மட்டும் நான்கு வருடம்
கட்டிய கயிற்றில் நின்றது.

இது என்ன மாதம் என்றால்
"ஜன்னல் உங்கள் பக்கம்தானே இருக்கிறது, டாக்டர்?" என்பார்.
அவர் மனைவி ஹில்க்கா சிரித்ததில்லை.
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பாள்,
சீக்கிரம் முடிந்துவிடும் என்பதுபோல.

அவர் வரைந்த கடிகாரங்கள் என்னிடம் இருக்கின்றன.
ஒன்றில் பன்னிரண்டு எண்களும்
வலப்பக்கம் ஒதுங்கி நிற்கும்,
சாய்ந்த படகில் பயணிகள் சரிவதுபோல.
கடைசியாக வரைந்தது வெறும் வட்டம்.
முட்கள் எங்கே என்றேன்.
"ஏரிக்கு எதற்கு முள்?"
மதிப்பெண் பூஜ்யம் போட்டேன்.
பேனா கொஞ்ச நேரம் தாளிலேயே இருந்தது.

மருந்து ஒன்று வந்தது. பெயர் வாயில் நுழையாது.
பதினெட்டு மாதம், இருநூற்றுப் பத்துப் பேர்,
கை நரம்பில் சொட்டுச் சொட்டாக.
ஸ்கேன் படங்களில் கறை கரைவதைக் கண்ணால் கண்டோம்.
யாரோ ஷாம்பெயின் வாங்கி
மாதிரிகள் வைக்கும் குளிர்பெட்டியில் ஒளித்தார்கள்,
அதற்காக அவரைத் திட்டினேன்.
பானையைத் துலக்கியாயிற்று.
பானைக்குள் இருந்ததுதான் இல்லை.
ஒருவருக்கும் எலுமிச்சை திரும்பவில்லை.

'முதன்மை இலக்கு எட்டப்படவில்லை' என்று எழுதினேன்.
எட்டாதவர் யார் என்று
அந்த வாக்கியம் சொல்லாது.
அதற்காகவே அப்படி எழுதுகிறோம்.

ஒரு பிப்ரவரி இரவு மின்சாரம் போனது.
மைனஸ் எண்பதில் இருக்க வேண்டியவை
மைனஸ் அறுபதுக்கு ஏறிக்கொண்டிருந்தன.
பனியில் கார் நின்ற இடத்திலிருந்து நடந்தேன்,
காலணிக்குள் ஈரம்,
பெட்டி பெட்டியாக உலர்பனி அடுக்கினேன்.
பதினான்காம் இழுப்பறையில் தௌனோ இருந்தார்,
அவர் கையெழுத்திட்டுக் கொடுத்தபடி,
மெல்லிய சீவல்களாக.
அவரோடு ஏதோ பேசினேன். என்னவென்று நினைவில்லை.
என் கணவர் வீட்டைவிட்டுப் போன தேதியும்
காகிதம் பார்த்தால்தான் தெரியும்.
அது அந்த மாதம்தான் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசி நாள்.
அறையைக் காலி செய்துவிட்டு எவெலீனாவைக் கூப்பிட்டேன்,
இனி இந்த நாற்காலி அவளுடையது.
என்னைச் சோதித்துப் பார் என்றேன்.
அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.
பழக்கத்தில், "எலுமிச்சை..." என்று ஆரம்பித்தாள்.
அது செல்லாது, என்னை எரித்தாலும்
சாம்பல் அந்த மூன்றையும் ஒப்பிக்கும்.

மேஜையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்.
கரண்டி, என்றாள். தூண். கையுறை.

கழித்தேன். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு.
கடிகாரம் வரைந்தேன், பதினொன்று பத்து,
முட்கள் இரண்டும் சரி.
இப்போது சொல்லுங்கள் என்றாள்.

கரண்டி.
கையுறை.
நடுவில் ஒன்று இருந்தது,
அதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது
படகு.

மூளை தேய்ந்ததா,
முப்பத்தொரு வருடம் தேய்த்ததா
என்று பிரித்துச் சொல்லும் சோதனை
இந்தக் கட்டிடத்தில் இல்லை. எனக்குத் தெரியும்,
தேடியவள் நான்தான்.

எவெலீனா எதையோ எழுதினாள்,
தாளைக் கையால் மறைத்துக்கொண்டு.
பிறகு மெதுவாக,
எல்லோரிடமும் கேட்கிற குரலில்,
இது என்ன மாதம் என்றாள்.

ஜன்னல் அவள் பக்கம் இருந்தது.