டிரங்க் கால்

ஒரு பெட்டி செய்யுங்கள் அங்கிள், என்றாள் மிஸ்ஸி.
ஆண்ட்டியின் கைக்குத் தெரிந்த சாமான்களாகப் போடுங்கள்.
பிஸ்கட் டின் ஒன்றைக் கழுவிக் காயவைத்தேன்.
ஜொகூரிலிருந்து வந்த மகன்
எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டினான்:
அம்மாவின் மோதிரம். அம்மாவின் கொலுசு.
அம்மா, அப்பா, கொடிமலை, 1977.

கமலவேணி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
யார் இந்தப் பையன், காது இவ்வளவு பெரிசா?
நான்தான்.
பாவம், என்றாள்.
மோதிரத்தைத் துடைத்து மிஸ்ஸியிடம் நீட்டினாள்:
யாரோ தொலைச்சிட்டாங்க, தேடுவாங்க.
சீட்டுகளை மட்டும் பிய்யாமல் உரித்துத்
தன் கையிலேயே ஒட்டிக்கொண்டாள்.
அன்று இரவு குளிப்பாட்டும்வரை
அம்மாவின் கொலுசு
அவள் முழங்கையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை லோரோங் கூலிட் போனேன்.
தார்ப்பாய்மேல் ஒற்றைச் செருப்பு, ஓடாத கடிகாரம்,
கண்ணாடிச் சட்டத்துக்குள் யாருடைய கல்யாணமோ.
வயர்க் குவியலின் அடியிலிருந்து
ஒரு சீனர் உருவி எடுத்தார்:
கறுப்பு ஹெட்செட், ஒரு காதுக்கு மட்டும்,
வாய்ப்பக்கம் வளைந்த கொம்பு.

இது அவளுடையதல்ல.
அவளுடையதை,
ஊர்விட்டு ஊர் நேராகச் சுழற்றலாம் என்று வந்த வருஷம்
எக்ஸ்சேஞ்சில் கையெழுத்துப் போட்டுத்
திருப்பிக் கொடுத்துவிட்டாள்.
இருபத்தைந்து வெள்ளி என்றார்.
பதினெட்டுக்குப் படிந்தது.
பொய்க்கும் பேரம் பேசுகிறவன்
என்னைத் தவிர யாராவது இருப்பார்களா?

ஆயர் ஈத்தாம், பதினோராம் மாடி.
டின்னுக்குள் வைக்கக்கூட இல்லை, மேசையில் போட்டேன்.
கொம்பைச் சட்டை நுனியால் இரண்டு முறை துடைத்தாள்,
முன் ஷிப்ட்டுக்காரியின் எச்சில் அதில் இருப்பதுபோல.
காதோர முடியை விரலால் ஒதுக்கி மாட்டினாள்.
முதுகு நிமிர்ந்தது.
பிரம்பு நாற்காலியின் பின்னல் ஓட்டைகளில்
கண்ணை ஓட விட்டு
வயரின் நுனியைச் செருகினாள்.

டிரங்க்ஸ். எந்த ஊர்?

மூன்று மொழியிலும் கேட்டாள்.
நாற்பத்தேழு வருஷத்தில்
இந்தக் குரலை நான் கேட்டதில்லை.
சமையற்கட்டுக் குரல், பிரசவ வார்டுக் குரல்,
மாமியாரிடம் அடக்கிவைத்த குரல், எல்லாம் தெரியும்.
இது சம்பளம் வாங்கிய குரல்.
எந்தெந்தக் கப்பல் கம்பெனிக்காரனோ,
எந்த ஊர் மாப்பிள்ளைகளோ
என்னைவிட முன்பே கேட்டுவிட்டார்கள்.

தெலுக் இந்தான், என்றேன், வாயில் வந்ததை.
தெலுக் ஆன்சனா? சரியாச் சொல்லுங்க சார்.
ஆமாம், ஆன்சன்.
யார்கிட்ட பேசணும்?

யோசிக்காமல் சொன்னேன்: கமலவேணி.

ஓட்டை மாற்றிச் செருகினாள்.
மணி அடிக்குது சார்.
மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் முனகியது.
யாரும் எடுக்கல. காத்திருக்கீங்களா?
காத்திருக்கேன்.
கீழே யாரோ மோட்டார்சைக்கிளை
உதைத்துக்கொண்டே இருந்தார்கள்; பிடிக்கவில்லை,
பிறகு பிடித்தது.
கிடைச்சிட்டாங்க. பேசுங்க, என்று
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.
ஆபரேட்டர்கள் ஒட்டுக்கேட்பதில்லை.

என்ன பேசுவது?
லிஃப்ட் மறுபடியும் ரிப்பேர், என்றேன்.
பையன் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்துவிட்டான்.
உன் மாத்திரையைத் தோசையில் ஒளித்துத் தருவது நான்தான்,
கோபிக்காதே.
ராத்திரி என்னை யாரென்று கேட்கும்போது
சில நாள் பதில் சொல்லாமல் படுத்திருக்கிறேன்.
அதற்கும் கோபிக்காதே.
கொடிமலையில் அன்றைக்கு ரொம்பக் குளிர், ஞாபகமா,
எனக்குக் காது சிவந்திருந்தது, அதனால்தான்
படத்தில் அவ்வளவு பெரிதாக…

மூணு நிமிஷம் ஆயிடுச்சு சார்.
நீட்டிக்கலாமா?

நீட்டுங்க.

காசு கூடும்.

பரவாயில்ல.

இல்லாத பென்சிலை எடுத்து
நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.