தலைக்கனம்

நிகழ்ச்சிச் சீட்டில் என் பெயர் நங்கூரம்.
கடவுச்சீட்டில் வக்தாங், பிறந்த ஊர் குட்டாயிசி.
எனக்கு மேலே ஸ்டோயான், கலங்கரை விளக்கம்.
அவனுக்கும் மேலே மயெல்,
கடற்பறவையை மணந்து விதவையானவள்.
கதை இதுதான்: ஒரு துறைமுகத்தோடு
கோபித்துக்கொண்டு கடல் போய்விட்டது.
நாங்கள் அதைச் சமாதானம் செய்து அழைத்துவர வேண்டும்,
இரண்டு மணி நேரத்தில், இடைவேளை உட்பட.

இந்த வாரம் வினிபெக்.
எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு நாள்கணக்கு.
மேடைக்கு அடியில் பலகை,
பலகைக்கு அடியில் ஹாக்கி ஆடும் பனித்தரை.
செவ்வாய்க்கிழமை ஆட்டமாம், உருக்க மாட்டார்கள்.
குளிர் என் உள்ளங்கால் வழியே ஏறி
முழங்காலில் வந்து உட்காரும்,
நுழைவுச்சீட்டு வாங்காத ஒரே ஆள்.

தோள் கொடுக்கிறேன் என்று
எல்லோரும் பேச்சுக்குச் சொல்வார்கள்.
எனக்கு அது மாதச் சம்பளம்.
ஸ்டோயான் எழுபத்தொன்று. மயெல் நாற்பத்தெட்டு.
மனைவியோடு தொலைபேசியில் சண்டை போட்ட நாளில்
ஸ்டோயான் எழுபத்து மூன்று.
தராசு ஒத்துக்கொள்ளாது. என் கழுத்து சொல்லும்.

சஸ்கட்டூனில் ஒருமுறை
ஹாக்கி ஆடும் ரப்பர் வட்டு ஒன்றைச்
சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஏறினாள்.
உப்பு ராஜாவோடு இருபது டாலர் பந்தயம்:
கீழே இருப்பவனுக்கு உறைக்குமா?
உறைத்தது.
இறங்கியதும் கையை நீட்டினேன், வட்டைக் கொடுத்தாள்.
தலைக்கனம் பிடித்தவன், என்றான் உப்பு ராஜா.
நூற்றுப் பத்தொன்பது கிலோ,
வேண்டுமானால் எடை போட்டுப் பார், என்றேன்.

ஆனால் நான்கு வருடமாக
உச்சியில் அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்ததில்லை.
நங்கூரம் அண்ணாந்தால் மூவருக்கும் மருத்துவமனை.
என் கண்ணுக்கு ஒதுக்கியது
வெளியேறும் வழியின் சிவப்பு எழுத்து.
மேலே நடப்பது
கூட்டம் மூச்சை இழுப்பதில் எனக்கு வந்து சேரும்.
முதல் மூச்சு: கடிதத்தைப் பிரிக்கிறாள்.
இரண்டாவது: ஒற்றைக்கால்.
பிறகு என் இமைமேல் காகிதத் துண்டுகள்.
கிழித்துவிட்டாள், இறங்கலாம்.
ஒளிப்பதிவைப் பாரேன் என்பார்கள்.
ஒளிப்பதிவில் எடை இல்லை.

இன்று மதியக் காட்சிக்கு
எதிர்க்கோடியின் கண்ணாடித் தடுப்பைக் கழற்ற மறந்திருந்தார்கள்.
ஆட்டக்காரர்கள் மோதி மோதிக் கீறிய கண்ணாடி.
நீல விளக்கு எரிந்ததும்
கீறல்களுக்கு நடுவே நாங்கள் மூவர்.
முதலில் பார்த்தது என்னைத்தான்.
இவ்வளவு குட்டையா நான்?
பிறகு கழுத்தை அப்படியே விட்டுக்
கண்ணை மட்டும் ஏற்றினேன்.
ஸ்டோயானின் முழங்கால்கள். நடுங்குகின்றனவே!
அந்த நடுக்கம் என்னிடம் வந்ததே இல்லை.
வழியில் எங்கோ தனக்கென்று வைத்துக்கொள்கிறான்.

அதற்கும் மேலே அவள்.
கையில் இருப்பது வெற்றுத் தாள்,
காலையில் நானே கத்தரித்துக் கொடுத்தது.
அதைப் படிக்கிறாள்.
தாடை அசைய, வரிவரியாக.
அடிவரை வந்தவள் திரும்ப ஏறி
ஒரு வரியை மறுபடி படிக்கிறாள்.
அவ்வளவு நேரமும் என் தோளில்
அதே நாற்பத்தெட்டு,
ஒரு கிராம் கூடவில்லை.

மூச்சு விட மறந்தேன் போல.
"வக்தோ?" என்றான் ஸ்டோயான், பல்லிடுக்கில்.
மறுபடி நங்கூரமானேன்.

பெருக்க வந்த பெனிக்னோவைக் கொஞ்சம் பொறு என்றேன்.
மண்டியிட்டு ஒவ்வொரு துண்டாகத் திருப்பினேன்.
இரண்டு பக்கமும் வெள்ளை.
என்ன தொலைத்தாய், என்றான்.
அவனுக்கு வீட்டுக்குப் போகும் பேருந்து இருந்தது.
ஒன்றுமில்லை, பெருக்கு, என்றேன்.

மாலைக்குள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள்.
சிவப்பு எழுத்து.
முழங்காலில் பழைய விருந்தாளி.
முதல் மூச்சு.
எண்ணுகிறேன்: ஒன்றாம் வரி, இரண்டாம் வரி,
ஏழாவதில் நின்று, திரும்ப மூன்றுக்கு.
துண்டுகள் இன்னும் விழவில்லை.
படிக்கட்டும்.